என்எஃப்எஸ் பொருத்தல் அமைவுகளின் வரலாறு

என்எஃப்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை, ஒரு கணினியில் உள்ள கோப்புகளை மற்றொரு கணினி தன் சொந்த வட்டில் இருப்பவை போலவே திறக்கவும் படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் நெறிமுறை ஆகும். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் இதை அறிவித்து, 1985இல் சன்ஓஎஸ் 2.0 இயங்குதளத்துடன் வெளியிட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் மீத்திறன் கணினி மையங்களிலும் மேகக் கணிமைச் சேவைகளிலும் இது பயன்பாட்டில் உள்ளது.

கோப்புகளைத் தரும் கணினி வழங்கி அல்லது சர்வர் எனப்படும். அவற்றைப் பயன்படுத்தும் கணினியைப் பயனர் கணினி எனலாம். வழங்கியில் உள்ள ஓர் அடைவைப் பயனர் கணினியின் அடைவு மரத்தில் ஓரிடத்தில் கொண்டுவந்து இணைப்பதே மவுண்ட் செய்தல், அதாவது பொருத்துதல். பொருத்தும்போது சில அமைவுகளைக் குறிப்பிடலாம். வழங்கி பதில் தராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, ஒரு முறைக்கு எத்தனை பைட்டுகள் கேட்பது, கோப்பைப் பற்றிய விவரங்களை எவ்வளவு நேரம் நம்புவது போன்றவை அவற்றில் அடங்கும்.

வெளிப்பார்வைக்கு இவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அமைவும் ஒரு காலத்தில் எழுந்த ஒரு சிக்கலுக்குக் கண்ட விடை. சிக்கல் மறைந்த பிறகும் பல விடைகள் அமைவுக் கோப்புகளில் தங்கிவிட்டன. 1990களின் வலையமைப்புக்குப் பொருந்திய எண்ணை இன்றைய வலையமைப்பில் எழுதினால் வேகம் குறைவதுடன் சில வேளைகளில் தரவும் கெடும். எனவே எந்த அமைவு எதற்காக வந்தது என்று அறிவது, அதைச் சரிபார்ப்பவருக்கும் மாற்றுபவருக்கும் முதல் தேவை ஆகிறது.

வட்டில்லாத கணினிகள்

சன் நிறுவனம் 1982இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பிறந்த வினோத் கோஸ்லா, ஆண்டி பெக்டோல்ஷைம், ஸ்காட் மெக்நீலி ஆகியோருடன் பெர்க்லி யூனிக்ஸை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான பில் ஜாயும் அதன் நிறுவனர்களாகக் கருதப்படுகின்றனர். நிறுவனத்தின் விற்பனைப் பொருள் பணிநிலையக் கணினி. அக்காலத்தில் வன்வட்டு விலை மிகுந்த பொருளாக இருந்ததால், ஒவ்வொரு மேசையிலும் வட்டுடன் கூடிய கணினியை வைப்பது பல நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வட்டில்லாத கணினிகளை மேசைகளில் வைத்து, வட்டுகளை ஒரு வழங்கியில் சேர்த்து, நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் கம்பியால் இணைப்பது மலிவாக முடிந்தது.

சன் முதலில் பயன்படுத்திய என்டி என்னும் முறை, வழங்கியின் வட்டில் ஒரு பகுதியை அப்படியே ஒரு கணினிக்கு ஒதுக்கிக் கொடுத்தது. ஆனால் இருவர் ஒரே கோப்பைப் பகிர்ந்து திருத்தும் வசதி அதில் இல்லை. வட்டை அல்லாமல் கோப்பையே பகிர வேண்டும் என்ற தேவையிலிருந்து என்எஃப்எஸ் பிறந்தது. 1985ஆம் ஆண்டு கோடையில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ரஸ்ஸல் சாண்ட்பெர்க், டேவிட் கோல்ட்பெர்க், ஸ்டீவ் கிளைமன், டேன் வால்ஷ், பாப் லயன் ஆகிய ஐவர் அதன் வடிவமைப்பை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். முதல் பதிப்பு சன் நிறுவனத்துக்குள்ளேயே சோதனை அளவில் நின்றது. உலகம் முதலில் கண்டது இரண்டாம் பதிப்பு. அதன் விதிகள் 1989 மார்ச்சில் ஆர்எஃப்சி 1094 என்ற ஆவணமாக வெளிவந்தன.

நெறிமுறையின் விவரங்களைச் சன் மறைத்து வைக்கவில்லை. போட்டி நிறுவனங்களும் அதைத் தம் கணினிகளில் எழுதிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. பல நிறுவனப் பொறியாளர்கள் தம் கணினிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று இணைத்துச் சோதிக்கும் கனெக்டதான் என்னும் கூடுகையையும் நடத்தியது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆர்எஃப்எஸ் என்னும் போட்டி முறைமை நிலைக்காமல் போனதற்கும் என்எஃப்எஸ் பரவியதற்கும் இந்தத் திறந்த போக்கு ஒரு முக்கியக் காரணம்.

நினைவில் வைக்காத வழங்கி

என்எஃப்எஸ்ஸின் முதல் இரு பொதுப் பதிப்புகளின் அடிப்படைக் கொள்கை, வழங்கி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. பதிவேடு வைக்காத ஒரு நூலகரை இதற்கு ஒப்பிடலாம். யார் எந்த நூலைத் திறந்திருக்கிறார், எந்தப் பக்கம் வரை படித்தார் என்பது அவருக்குத் தெரியாது. படிப்பவர்தான் ஒவ்வொரு முறையும் "இந்த நூலில், இந்த இடத்திலிருந்து, இத்தனை வரிகள்" என்று முழுமையாகக் கேட்க வேண்டும். நூலகர் மயங்கி விழுந்து எழுந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அதே பதில் கிடைக்கும்.

அக்காலக் கணினிகள் அடிக்கடி நின்றுபோகும் இயல்புடையவை. வழங்கி நின்று மீண்டும் எழும்போது பயனர் கணினிகள் அனைத்தையும் விசாரித்துப் பழைய நிலையை மீட்பது கடினமான வேலை. நினைவே இல்லை என்றால் மீட்க வேண்டியதும் இல்லை. இந்த எளிமைக்கான விலையைப் பயனர் கணினி கொடுத்தது. பதில் வராதபோது வழங்கி நின்றுவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, கேள்வி வழியில் தொலைந்ததா, பதில் தொலைந்ததா என்று அதற்குத் தெரியாது. செய்யக்கூடியது ஒன்றே: சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் கேட்பது. எவ்வளவு நேரம் என்பதை டைமியோ என்னும் அமைவும், எத்தனை முறை என்பதை ரீட்ரான்ஸ் என்னும் அமைவும் தீர்மானிக்கின்றன.

மீண்டும் கேட்பதிலும் ஓர் இடர் இருந்தது. ஒரு கோப்பின் முதல் பத்து வரிகளை இரு முறை கேட்டாலும் தீங்கில்லை. ஆனால் "இந்தக் கோப்பை அழி" என்ற கட்டளை நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், இரண்டாம் முறை கேட்கும்போது "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்ற பிழை வரும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் செட் ஜஸ்ஸாக் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. அண்மையில் தந்த பதில்களை வழங்கி ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மீண்டும் வந்தால் பழைய பதிலையே அனுப்பலாம் என்றது அது. நினைவே கூடாது என்ற கொள்கை நடைமுறையில் முதலில் தளர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

காத்திருப்பதா, கைவிடுவதா

பொருத்தல் அமைவுகளில் மிகப் பழமையானதும் மிகக் கடுமையான விளைவு உடையதும் ஹார்ட், சாஃப்ட் என்னும் இணை. ஹார்ட் என்று பொருத்தினால், வழங்கி பதில் தரும்வரை பயனர் கணினி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாஃப்ட் என்று பொருத்தினால், குறித்த எண்ணிக்கை முயற்சிகளுக்குப் பின் கைவிட்டு, நிரலுக்குப் பிழைச் செய்தி அனுப்பும்.

ஹார்ட் முறையின் தொல்லை கண்ணுக்குத் தெரிவது. வழங்கி நின்றால் அதன் கோப்பைத் தொட்ட நிரல்கள் எல்லாம் உறைந்து நிற்கும். வட்டில் எவ்வளவு இடம் உள்ளது என்று பார்க்கும் டிஎஃப் கட்டளைகூடத் திரும்பாது. இரண்டு வழங்கிகள் ஒன்றின் அடைவை மற்றொன்று பொருத்தியிருந்தால், மின்தடைக்குப் பின் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். பின்னணியில் பொருத்த முயலும் பிஜி என்ற அமைவு இதற்கு ஒரு மாற்று. தேவைப்படும்போது மட்டும் தானாகப் பொருத்தி, பயன்படுத்தாதபோது கழற்றும் ஆட்டோமவுண்டர் நிரல்களும் 1980களின் இறுதியில் வந்தன. 1994இல் வெளிவந்த யூனிக்ஸ் வெறுப்பாளர் கையேடு என்னும் நூலில் என்எஃப்எஸ்ஸைக் குறைகூறுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. பயனர்களின் எரிச்சல் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

இந்த எரிச்சலால் பலர் சாஃப்ட் முறைக்கு மாறினர். அதன் தொல்லையோ கண்ணுக்குத் தெரியாதது. ஒரு நிரல் தரவை எழுதும்போது அது முதலில் பயனர் கணினியின் நினைவகத்தில் தங்கும். "எழுதியாயிற்று" என்ற பதில் நிரலுக்கு உடனே கிடைக்கும். வழங்கிக்கு அனுப்பும் வேலை பிறகு நடக்கும். அந்த நேரத்தில் வழங்கி பதில் தராமல் போனால், சாஃப்ட் முறை சில முயற்சிகளோடு கைவிட்டுவிடும். கோப்பை மூடும்போது வரும் பிழைச் செய்தியைக் கவனிக்காத நிரல்கள் ஏராளம். விளைவாக, கோப்பின் நடுவில் ஒரு பகுதி எழுதப்படாமல் போகும். யாருக்கும் எச்சரிக்கை வராது. பல மாதங்களுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் குறை தெரியும். அதற்குள் காப்புநகலிலும் குறையுள்ள கோப்பே இடம்பிடித்திருக்கும்.

லினக்ஸின் என்எஃப்எஸ் கையேடு சாஃப்ட் முறையால் ஓசையின்றித் தரவு கெடக்கூடும் என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. இயல்புநிலை அமைவும் ஹார்ட்தான். படிப்பதற்கு மட்டும் பொருத்தப்பட்ட அடைவுகளில் சாஃப்ட் முறை ஓரளவு ஏற்கத்தக்கது. எழுதும் அடைவுகளில் அது ஆபத்தானது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியாக இன்டர் என்னும் அமைவு இருந்தது. ஹார்ட் முறையில் உறைந்து நிற்கும் நிரலைப் பயனர் குறுக்கிட்டு நிறுத்த அது உதவியது. 2008இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 கருவிலிருந்து இந்த அமைவுக்குப் பொருளில்லை. கில் எனப்படும் கட்டாய நிறுத்தக் குறிப்பு எப்போதும் வேலை செய்யும்படி கருவே மாற்றப்பட்டது. ஆயினும் இன்டர் என்ற சொல் இன்றும் பல அமைவுக் கோப்புகளில் படியெடுக்கப்பட்டு வருகிறது. கணினி அதைப் பிழை என்று சொல்வதில்லை. படித்துவிட்டுப் பொருட்படுத்தாமல் விடுகிறது.

எட்டு கிலோபைட்டும் ஆறு துண்டுகளும்

இரண்டாம் பதிப்பில் ஒரு கேள்விக்கு அதிக அளவாக 8 கிலோபைட் தரவை மட்டுமே படிக்கவோ எழுதவோ முடிந்தது. படிக்கும் அளவை ஆர்சைஸ் என்ற அமைவும், எழுதும் அளவை டபிள்யூசைஸ் என்ற அமைவும் குறிக்கின்றன. தரவு யுடிபி என்னும் எளிய போக்குவரத்து நெறிமுறை வழியாகச் சென்றது. சேர்ந்ததா என்று யுடிபி கவனிப்பதில்லை. அது என்எஃப்எஸ்ஸின் பொறுப்பு.

ஈதர்நெட் கம்பி ஒரு பொட்டலத்தில் 1,500 பைட்டுகளையே சுமக்கும். ஆகவே 8 கிலோபைட் தரவு ஆறு துண்டுகளாகப் பிரிந்து சென்று மறுமுனையில் ஒன்றுசேரும். ஆறில் ஒன்று தொலைந்தாலும் மற்ற ஐந்தும் வீண். முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டும். நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலையும் வலையமைப்பில், ஆறு துண்டுகளும் ஒழுங்காகச் சேரும் வாய்ப்பு 94 விழுக்காடு. அளவை 32 கிலோபைட்டாக உயர்த்தினால் துண்டுகள் ஏறத்தாழ 23 ஆகும். அவை அனைத்தும் சேரும் வாய்ப்பு 79 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நெரிசலான வலையமைப்புகளில் அளவை 1 அல்லது 2 கிலோபைட்டாகக் குறைக்கும்படி அக்கால நிர்வாகிகள் அறிவுறுத்தியதன் காரணம் இந்தக் கணக்குதான்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் மெக்லம், பெர்க்லியின் 4.3 பிஎஸ்டி ரீனோ இயங்குதளத்துக்கு என்எஃப்எஸ்ஸைப் புதிதாக எழுதினார். தொலைந்த பொட்டலத்தை மட்டும் மீண்டும் அனுப்பும் டிசிபி வழியாகவும் அது இயங்கியது. அதைச் சீர்செய்ததில் கற்ற பாடங்களை 1991இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையாக அவர் வெளியிட்டார். என்எஃப்எஸ் அமைவுகளை அளந்து பார்த்து மாற்றுவதைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகளுள் அதற்குச் சிறப்பிடம் உண்டு.

வலையமைப்பு வேகம் நொடிக்கு ஒரு கிகாபிட்டாக உயர்ந்தபோது யுடிபியின் மற்றொரு குறை வெளிப்பட்டது. ஒரே தரவின் துண்டுகளை அடையாளம் காண ஒவ்வொன்றிலும் 16 பிட் எண் ஒன்று இருக்கும். அதில் 65,536 எண்களே உண்டு. 8 கிலோபைட் வீதம் அனுப்பினால் 512 மெகாபைட்டில் எண்கள் தீர்ந்து முதலிலிருந்து தொடங்கும். கிகாபிட் வேகத்தில் இதற்கு ஐந்து நொடிகூட ஆகாது. சேராத துண்டுகளை லினக்ஸ் 30 நொடி வரை வைத்திருக்கும். எனவே பழைய தரவின் துண்டும் அதே எண்ணுள்ள புதிய தரவின் துண்டும் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. பிழை காணும் கூட்டுத்தொகையும் 16 பிட் அளவே கொண்டது; ஆகையால் அது எல்லாக் கலப்பையும் பிடித்துவிடாது. பத்து மெகாபிட் காலத்தில் நினைத்துப் பார்க்கத் தேவையில்லாத இந்தச் சிக்கல், வேகம் நூறு மடங்கு உயர்ந்ததும் உண்மையான இடராயிற்று. 2020இல் வெளியான லினக்ஸ் 5.6 முதல் பயனர் பக்கத்து யுடிபி ஆதரவு இயல்பாகவே நீக்கிவைக்கப்பட்டுள்ளது.

போக்குவரத்து மாறியதால் டைமியோவின் பொருளும் மாறியது. இந்த எண் நொடியைக் குறிப்பதன்று. நொடியின் பத்தில் ஒரு பங்கைக் குறிப்பது. யுடிபி காலத்தில் லினக்ஸின் தொடக்க மதிப்பு 7, அதாவது 0.7 நொடி. தொலைந்ததை டிசிபி தானே மீட்டுவிடுவதால், அதற்கான இயல்புநிலை மதிப்பு 600, அதாவது 60 நொடி. பழைய கோப்பிலிருந்து 7 என்ற எண்ணை எடுத்து டிசிபி பொருத்தலில் எழுதினால், வழங்கி சற்றே தாமதித்தாலும் அதே கேள்வி மீண்டும் மீண்டும் செல்லும். ஏற்கெனவே திணறும் வழங்கிக்கு அது மேலும் சுமை. அத்துடன் சாஃப்ட் முறையும் சேர்ந்தால், ஓரிரு நொடிகளிலேயே எழுதும் முயற்சி கைவிடப்படும்.

எழுதியது வட்டில் சேர்ந்ததா

நினைவில்லாத வழங்கி, "எழுதியாயிற்று" என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். பதில் அனுப்பிய பின் வழங்கி நின்று, தரவு நினைவகத்தோடு அழிந்தால், பயனர் கணினிக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு 8 கிலோபைட்டும் வட்டில் பதிந்த பிறகே வழங்கி பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. வட்டு சுழலும் வேகத்துக்குக் கட்டுப்பட்டதால் எழுதும் பணி மிக மெதுவாக நடந்தது.

இதற்கு வன்பொருள் வழியாக ஒரு தீர்வு வந்தது. லெகாடோ நிறுவனத்தின் பிரெஸ்டோசர்வ் என்னும் அட்டையில் மின்கலத்தால் காக்கப்படும் நினைவகம் இருந்தது. மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அழியாது என்பதால், அதில் எழுதியதும் பதில் அனுப்பலாம். 1992இல் தொடங்கப்பட்ட நெட்ஆப் நிறுவனமும் தன் கோப்பு வழங்கிகளில் இதே வகை நினைவகத்தைப் பயன்படுத்தியது. வேகத்தை ஒப்பிட்டு அளக்கப் பொதுவான சோதனையும் தேவைப்பட்டது. லெகாடோ, ஆஸ்பெக்ஸ், டேட்டா ஜெனரல், டிஜிட்டல், இன்டர்ஃபேஸ், சன் ஆகிய நிறுவனங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து லாடிஸ் எனப் பெயர்பெற்ற சோதனை அப்படி உருவானது.

மென்பொருள் வழியிலான தீர்வு மூன்றாம் பதிப்பு. பல நிறுவனப் பொறியாளர்கள் 1992 ஜூலையில் பாஸ்டனில் தொடங்கிப் பல கூட்டங்களில் இதை வகுத்தனர். 1995 ஜூனில் ஆர்எஃப்சி 1813 வெளிவந்தது. தரவை வழங்கி நினைவகத்தில் பெற்றுக்கொண்டு, "பெற்றேன், இன்னும் வட்டில் பதியவில்லை" என்று சொல்லலாம். பின்னர் பயனர் கணினி கமிட் என்னும் கட்டளை அனுப்பினால், அதுவரை வந்த அனைத்தையும் வட்டில் பதிக்க வேண்டும். வழங்கி தன் பதில்களில் ஓர் அடையாள எண்ணையும் அனுப்பும். நடுவில் அது நின்று எழுந்திருந்தால் அந்த எண் மாறியிருக்கும். அதைக் கண்ட பயனர் கணினி, பதியாதவற்றை மீண்டும் அனுப்பும். வேகம், நம்பகம் இரண்டையும் ஒருசேரத் தந்தது இந்த ஏற்பாடு. 32 பிட் இடக்குறிப்பால் நடைமுறையில் 2 கிகாபைட்டாக இருந்த கோப்பு அளவு வரம்பும் 64 பிட்டுக்கு மாறியதால் நீங்கியது.

வழங்கிப் பக்கத்தில் அசிங்க் என்னும் ஏற்றுமதி அமைவு ஒன்று உண்டு. வட்டில் பதியாமலே பதிந்ததாகச் சொல்ல அது வழங்கியை அனுமதிக்கிறது. லினக்ஸின் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் தொகுப்பில் 1.0.0 பதிப்பு வரை இதுவே இயல்புநிலை. அதன் பின் சிங்க் என மாற்றப்பட்டது. அசிங்க் என்று வைத்தால் சோதனை எண்கள் உயரும். ஆனால் வழங்கி திடீரென நின்றால், மூன்றாம் பதிப்பின் பாதுகாப்பு ஏற்பாடும் அங்கே பயன்படாது. பொய்யான பதிலை நம்பிய பயனர் கணினி, தன்னிடம் வைத்திருந்த நகலை அதற்குள் விட்டிருக்கும்.

எவ்வளவு நேரம் நம்புவது

ஒரு கோப்பின் அளவு, திருத்திய நேரம், உரிமை போன்ற விவரங்களை ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் கேட்டால் வலையமைப்பு நிரம்பிவிடும். எனவே பயனர் கணினி அவற்றைச் சிறிது நேரம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் இயல்புநிலையில் கோப்புகளுக்கு இது 3 முதல் 60 நொடி. அடைவுகளுக்கு 30 முதல் 60 நொடி. அண்மையில் மாறிய கோப்பு மீண்டும் மாறக்கூடும் என்பதால் குறுகிய நேரமும், நெடுநாள் மாறாத கோப்புக்கு நீண்ட நேரமும் கொள்ளப்படுகின்றன. இந்நான்கு எண்களையும் ஒருசேர மாற்ற ஆக்டைமியோ என்னும் அமைவு உதவும்.

ஒரு கணினியில் புதிதாக உருவாக்கிய கோப்பு மற்றொரு கணினியில் சிறிது நேரம் தென்படாமல் இருப்பது இதனால்தான். அது பழுது அன்று. ஒருவர் மூடிய கோப்பை அதன் பின் மற்றொருவர் திறந்தால் புதிய உள்ளடக்கம் கிடைக்கும் என்பதே என்எஃப்எஸ் தரும் உறுதி. இருவர் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கு அந்த உறுதி இல்லை. நோஏசி என்ற அமைவு இந்த விவரக் கேஷை முழுவதும் நிறுத்திவிடும். எழுதுவதையும் உடனுக்குடன் அனுப்ப வைக்கும். வேகத்தில் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒருங்கிணைவு தேவைப்படும் நிரல்களுக்குக் கோப்புப் பூட்டே உரிய வழி.

மறுதலையாக, மாறாத தரவுத் தொகுப்பையோ மென்பொருள் நூலகத்தையோ பலர் படிக்கும் இடத்தில் ஆக்டைமியோவை 600 என உயர்த்துவது நல்ல பலன் தரும். டைமியோவைப் போலன்றி இங்கே எண் முழு நொடியைக் குறிக்கும். ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரு அமைவுகளுக்கு அளவை வேறுபடுவது பலரைக் குழப்பியிருக்கிறது.

நான்காம் பதிப்பு

1998இல் சன் நிறுவனம் நெறிமுறையை வளர்க்கும் உரிமையை இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிடம் விட்டது. நான்காம் பதிப்பு முதலில் 2000 டிசம்பரிலும், திருத்திய வடிவில் 2003 ஏப்ரலிலும் வெளிவந்தது. வழங்கி நினைவில் வைக்கக் கூடாது என்ற பழைய கொள்கையை இது கைவிட்டது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், எதைப் பூட்டியிருக்கிறார் என்பதை வழங்கி குத்தகை முறையில் குறித்துக்கொள்கிறது. பயனர் கணினி உரிய காலத்தில் குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் பூட்டு விடுவிக்கப்படும். லினக்ஸ் வழங்கியில் இதன் இயல்புக் காலம் 90 நொடி.

முன்பு பொருத்துவதற்கும் பூட்டுவதற்கும் தனித்தனித் துணை நெறிமுறைகள் இருந்தன. அவை வெவ்வேறு வாயில் எண்களைப் பயன்படுத்தியதால் தீச்சுவர் வழியாக அனுப்புவது தொல்லையாக இருந்தது. நான்காம் பதிப்பில் எல்லாம் 2049 என்ற ஒரே வாயிலில் அடங்கின. யுடிபிக்கு இதில் இடமில்லை. 4.1 பதிப்பு 2010இலும், 4.2 பதிப்பு 2016இலும் வந்தன. 2019இல் லினக்ஸ் 5.3 கரு, ஒரே பொருத்தலுக்கு 16 வரை டிசிபி இணைப்புகளைப் பயன்படுத்தும் என்கனெக்ட் அமைவைச் சேர்த்தது.

நடப்பில் உள்ள அமைவைச் சரிபார்த்தல்

எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருப்பது வேண்டுகோள் மட்டுமே. நடப்பில் எது உள்ளது என்பது பயனர் கணினியும் வழங்கியும் பேசி முடிப்பதைப் பொறுத்தது. ஆர்சைஸை 10,48,576 பைட் என்று எழுதினாலும் வழங்கி அவ்வளவு தராது என்றால் குறைந்த அளவே அமையும். பதிப்பைக் குறிப்பிடாவிட்டால் அண்மைக்கால லினக்ஸ் 4.2இல் தொடங்கி, வழங்கி ஏற்கும் பதிப்புவரை இறங்கிவரும். நோஏடைம் போன்ற சில பொது அமைவுகள் என்எஃப்எஸ் பொருத்தலில் எந்த விளைவையும் தருவதில்லை.

ஆகவே சரிபார்ப்பவர் எழுதியதை விட்டு, நடப்பதைப் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை "-எம்" என்ற குறியுடன் இயக்கினால் ஒவ்வொரு பொருத்தலின் உண்மையான அமைவுகளும் தெரியும். பிராக் அடைவில் உள்ள மவுண்ட்ஸ் கோப்பும் இதையே காட்டும். பதிப்பு, போக்குவரத்து, ஹார்டா சாஃப்டா, ஆர்சைஸ், டபிள்யூசைஸ், டைமியோ ஆகிய ஆறையும் முதலில் நோக்கலாம். எதிர்பார்த்ததும் நடப்பதும் வேறுபடும் இடத்திலேயே பெரும்பாலான சிக்கல்களின் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது அளத்தல். என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் என்னும் கருவி, ஒவ்வொரு பொருத்தலுக்கும் கேள்வி சென்று பதில் வரும் நேரத்தையும், பயனர் கணினியின் வரிசையில் காத்திருந்ததும் சேர்ந்த மொத்த நேரத்தையும் தனித்தனியே தரும். முதல் எண்ணே பெரிதாக இருந்தால் குறை வலையமைப்பிலோ வழங்கியிலோ உள்ளது. முதல் எண் சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால் நெரிசல் பயனர் கணினியில் உள்ளது. என்கனெக்ட் போன்றவை அங்கே உதவக்கூடும். மறு அனுப்புகை எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், டைமியோவைத் தொடுமுன் அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு கிகாபைட் கோப்பை 8 கிலோபைட் வீதம் படிக்க 1,31,072 கேள்விகள் தேவை. ஒரு மெகாபைட் வீதம் படித்தால் 1,024 போதும். பெரிய கோப்புகளுக்கு ஆர்சைஸ் முக்கியம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடும் பணியில் அளவைக் கூட்டிப் பயனில்லை. அங்கே விவரக் கேஷின் நேரமே வேகத்தைத் தீர்மானிக்கும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஓர் அமைவை மட்டும் மாற்ற வேண்டும். என்எஃப்எஸ்ஸுக்கே உரிய அமைவுகளில் பெரும்பாலானவை மறுபொருத்தல் கட்டளையால் மாறுவதில்லை. அடைவைக் கழற்றி மீண்டும் பொருத்தி, நடப்பு அமைவைத் திரும்பவும் படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். சோதனைக் கோப்பு கணினியின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளக்கப்படுவது உள்ளூர் நினைவகத்தின் வேகமாகிவிடும்.

அமேசானின் ஈஎஃப்எஸ் என்னும் மேகக் கோப்புச் சேவை என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் இயங்குகிறது. அதன் பயனர்களுக்கு அந்நிறுவனம் பரிந்துரைக்கும் அமைவுகளில் ஹார்ட் உண்டு. ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டுக்கும் 10,48,576 உண்டு. டைமியோ 600, ரீட்ரான்ஸ் 2 உண்டு. அளவு 8 கிலோபைட்டிலிருந்து 128 மடங்கு உயர்ந்துள்ளது, காத்திருப்பு 0.7 நொடியிலிருந்து 60 நொடிக்கு நீண்டுள்ளது. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு என்னும் 1985ஆம் ஆண்டின் ஹார்ட் மட்டும் அப்படியே நிற்கிறது.